மணி, சாவி, தண்ணீர், கால அட்டவணை: பள்ளி நிர்வாகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டங்களில் உள்ள அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் இந்தக் கேள்வி-பதில். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் போன பள்ளிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வெயிலும் போர்வெல் தண்ணீரும் அங்கேயும் இதேதான்.

நிர்வாகத்தில் புதுமை என்றால் ஸ்மார்ட் போர்டு, செயலி, பயோமெட்ரிக் இவைதானே?

இவற்றாலும் நன்மை உண்டு. ஆனால் பள்ளிக்குள் பாடம் கெடுவது பெரும்பாலும் வேறு இடங்களில். மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து ஆசிரியர் வகுப்புக்குள் நுழைகிறார். ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இரண்டு பிள்ளைகள் ஓடித் தேடுகிறார்கள். கை கழுவ வரிசையில் நின்றே மதிய இடைவேளை போய்விடுகிறது. இவற்றைச் சரிசெய்தால் கிடைப்பது நேரம். அந்த நேரம் வகுப்பறைக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அதைப் புதுமை என்று சொல்லலாம். வகுப்பறைக்குள் எதுவும் மாறாமல் அலுவலக அறையில் மட்டும் அழகாக இருக்கும் மாற்றத்துக்குப் பணமும் உழைப்பும் போடாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

ஐந்து நாள் நேரக் கணக்கிலிருந்து. ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு என்றால் வசதி. ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: மணி அடித்த நேரம், ஆசிரியர் உள்ளே வந்த நேரம், பாடம் தொடங்கிய நேரம், பாடம் முடிந்த நேரம். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, ஐந்து நாளுக்கு நாற்பது வரிகள். வகுப்புத் தலைவரும் இன்னொரு மாணவரும் மாற்றி மாற்றிக் குறிக்கலாம். ஆசிரியர் பெயர் அந்தத் தாளில் இருக்கவே கூடாது. பெயர் போட்டால் இது மேலிடத்துக்குப் போகும் புகார்ப் பட்டியல் என்ற பயம் வரும்; இரண்டாம் நாளே நேரங்கள் எல்லாம் அழகாக மாறிவிடும்.

கணக்கு இப்படி வரும். பாடவேளைக்கு 40 நிமிடம் என்றால் ஒரு நாளில் 320 நிமிடம். ஒவ்வொரு பாடவேளையிலும் நான்கு நிமிடம் நழுவினால் நாளுக்கு 32 நிமிடம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் சொல்லும் 220 வேலை நாளுக்குப் பெருக்கினால் 7,040 நிமிடம். அதாவது 22 முழு வேலை நாள். ஏறக்குறைய ஒரு மாதப் பள்ளி, யாரும் லீவு எடுக்காமலே காணாமல் போகிறது. ஆசிரியர் கூட்டத்தில் இந்த ஓர் எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. முதலில் எதைத் தொடுவது?

காலை வழிபாட்டுக் கூட்டத்தையும் வருகைப் பதிவையும். வழிபாட்டுக் கூட்டம் 15 நிமிடம் என்று அட்டவணையில் இருக்கும். அறிவிப்புகள் நீண்டு 25 நிமிடம் ஆகும். தாமதமாக வந்தவர்களைத் தனியாக நிறுத்திப் பேசுவதும் இந்த நேரத்தில்தான் நடக்கும். அறிவிப்புகளை எழுதி ஒட்டுங்கள். வாசிப்பது மூன்றுக்கு மேல் வேண்டாம். வெயில் மாதங்களில் வாரத்தில் இரண்டு நாள் கூட்டத்தை வகுப்பறைக்குள்ளேயே நடத்தினால் பிள்ளைகள் மயங்கி விழுவதும் நிற்கும்.

பெயர் கூப்பிட்டு வருகை எடுக்க 40 பேருக்கு நான்கு நிமிடம் ஆகும். இருக்கை வரைபடத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, காலியான இடத்தை மட்டும் பார்த்துக் குறித்தால் ஒரு நிமிடம் போதும். இருக்கை மாறும் நாளில் வரைபடமும் மாறவேண்டும். இதை மறந்தால் வந்த பிள்ளைக்கு ஆப்சென்ட் விழும், பெற்றோர் போனுக்குச் செய்தி போகும், அடுத்த நாள் அவர்கள் வேலையை விட்டு வந்து நிற்பார்கள். நாற்பது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் ஒரு நெருக்கம் உண்டு என்று சில ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் அப்படியே கூப்பிடுங்கள்.

வருகைப் பதிவேட்டிலிருந்து வேறு என்ன தெரிந்துகொள்ளலாம்?

மாதக் கடைசியில் சதவீதம் போட்டு அனுப்புவதோடு நிற்காமல், அதை நாள்வாரியாகப் படித்துப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் தை தொடங்கிப் பங்குனி வரை ஊர் ஊராக எருது விடும் விழா நடக்கும். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்கள் சொந்த ஊர் விழாவுக்கு மட்டுமா போகிறார்கள்? பக்கத்து ஊர் விழாவுக்கும் போகிறார்கள். மாசியில் மயானக் கொள்ளை, ஆடியில் கிருத்திகையும் கூழ் ஊற்றுவதும், கூடவே சந்தை நாள். ஒரே வகுப்பில் ஒரே ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து வராத நாட்களை வட்டமிட்டுப் பார்த்தால் காரணம் தானாகத் தெரியும்.

தெரிந்த பிறகு செய்ய வேண்டியவை: விழாத் தேதிகளை ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுப் பள்ளி நாட்காட்டியில் எழுதுங்கள். அந்த நாளில் புதிய பாடமோ அலகுத் தேர்வோ வைக்காதீர்கள். வந்திருக்கும் பதினைந்து பேரோடு தனித்தனியாக உட்கார்ந்து வாசிக்கக் கேட்கும் வாய்ப்பு அன்றுதான் கிடைக்கும். மலைக் கிராமங்களிலிருந்து குடும்பத்தோடு தோட்ட வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போகும் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் மூன்று நாள் வராமல் போனதும் விசாரிக்க வேண்டும். முப்பது நாள் கழித்து விசாரித்தால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் தெரியாது.

எமிஸ் பதிவேற்றமே பாதி நாளைத் தின்கிறது. என்ன செய்யலாம்?

பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் கல்வித் துறையின் தளம்தான் எமிஸ். அந்த வேலையை நிறுத்த முடியாது. வகுப்பு நேரத்துக்குள் வராமல் தடுக்க முடியும். வாரத்தில் ஒரு மாலை ஒரு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். அதுவரை வரும் விவரங்களை எல்லாம் வகுப்புக்கு ஒரே தாளில் எழுதிச் சேருங்கள். ரத்த வகை, வங்கிக் கணக்கு, ஆதார், சீருடை அளவு, காலணி அளவு என்று ஆண்டு முழுக்கத் துண்டு துண்டாகக் கேட்கப்படும் விவரங்களை ஜூன் மாதத்திலேயே ஒரே படிவத்தில் வாங்கிவிட்டால், ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை. காலணி அளவை மட்டும் அப்போது வாங்காதீர்கள், வழங்கும் காலத்துக்குள் கால் வளர்ந்துவிடும்.

மலை ஊர்ப் பள்ளிகளில் நெட்வொர்க் கிடைக்கும் மூலையைத் தேடி ஆசிரியர் வெளியே போய் நிற்பது வழக்கம். அங்கே அருகருகே உள்ள இரண்டு பள்ளிகள் சேர்ந்து, பதிவேற்றங்களுக்கு ஆள் மாற்றி ஒருவர் கீழே இறங்கி வருவது நல்லது. அன்றாட வருகைப் பதிவுக்கு மட்டும் இந்த ஏற்பாடு ஆகாது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கு அனுமதிக்கும் கல்வி சாராப் பணிகள் மூன்றே: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி. இதைத் தாண்டி வாய்மொழியாக வரும் வேலைகளுக்கு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பல வேலைகள் அங்கேயே நின்றும்விடும்.

கால அட்டவணை போடச் சரியான வரிசை என்ன?

பெரும்பாலான பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கு முதலில் போட்டுவிட்டு, மிச்சத்தை ஆறாம் வகுப்புக்குத் தள்ளுகிறார்கள். அதனால் ஆறாம் வகுப்புக்கு வாரம் நான்கு நாள் கணக்கு கடைசிப் பாடவேளையில் வந்து விழுகிறது. ஆறாம் வகுப்பில் பின்னத்தைக் கோட்டை விட்ட பிள்ளை பத்தாம் வகுப்பில் வந்து தடுமாறும்போது, அப்போது போட்ட சிறப்பு வகுப்பு எவ்வளவு உதவும்?

வரிசையை இப்படி வையுங்கள். முதலில், உங்கள் கையில் இல்லாதவற்றை எழுதுங்கள்: ஓவியம், உடற்கல்வி, தையல் பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்தில் மூன்று அரை நாள் மட்டுமே வருவார்கள், அந்த அரை நாட்கள் முதலில் அட்டவணையில் ஏறட்டும். அடுத்து ஒன்றே ஒன்றாக இருப்பவை: ஆய்வகம், ஹைடெக் லேப் என்னும் கணினி அறை, விளையாட்டுத் திடல். ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு அங்கே போகக்கூடாது. அறிவியலுக்கு வாரத்தில் ஒரு முறையாவது இரண்டு பாடவேளையைச் சேர்த்துக் கொடுங்கள். 40 நிமிடத்தில் கருவிகளை எடுத்து வைக்கவும் திரும்பக் கழுவி வைக்கவுமே 20 நிமிடம் போய்விடுகிறது; சோதனை நடப்பதில்லை, ஆசிரியர் படம் வரைந்து காட்டிவிட்டு வருகிறார்.

மூன்றாவதாக, கணக்கையும் ஆங்கிலத்தையும் வகுப்புகளுக்குள் சுழற்றுங்கள். எந்த வகுப்புக்கும் ஒரே பாடம் வாரத்தில் ஒரு முறைக்கு மேல் மதிய உணவுக்கு அடுத்த பாடவேளையில் வரக்கூடாது. நான்காவதாக, ஓர் ஆசிரியருக்குத் தொடர்ந்து நான்கு பாடவேளை வராமல் பாருங்கள். நான்காவதில் தொண்டை வறண்டு, நோட்ஸ் எழுதச் சொல்லிவிட்டு உட்காருவார். கடைசியாக, ஒரே பாட ஆசிரியர்கள் இருவருக்கு வாரம் ஒரு பாடவேளை ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்குமாறு செய்யுங்கள். வினாத்தாள் திருத்தியதைச் சேர்ந்து பார்த்து எந்தக் கேள்வியில் எல்லாரும் சறுக்கினார்கள் என்று பேச அந்த 40 நிமிடம் வேண்டும்.

கையால் போடுவதாக இருந்தால் பெரிய சார்ட்டில் ஆசிரியருக்கு ஒரு நிறம் என்று சிறு அட்டைகள் வெட்டி, குண்டூசியால் குத்தி நகர்த்துங்கள். மோதல் கண்ணில் படும். கணினி மென்பொருள் வேகமாகப் போட்டுத்தரும். ஆனால் யார் எந்த பஸ்ஸில் வருகிறார், யாருக்கு மாடி ஏற முடியாது என்பதெல்லாம் அதற்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

ஒரு வேண்டுகோள்: உடற்கல்விப் பாடவேளையைப் பத்தாம் வகுப்பு மறுதேர்வுக்குக் கடன் வாங்காதீர்கள். அந்தக் கடன் திரும்பி வருவதே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகள் குறைந்துவிடுகிறார்களே?

பேரணாம்பட்டு, வேலூர் நகரம் போன்ற இடங்களில் ஜும்மா தொழுகை இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தனி மணி அட்டவணை போட்டு மதிய இடைவேளையை நீட்டி, காலைப் பாடவேளைகளில் ஐந்தைந்து நிமிடம் குறைத்துக்கொண்டால் பாதி வகுப்பை வைத்துப் பாடம் நடத்தும் நிலை வராது.

ஆசிரியர் வராத நாளில் வகுப்பு சத்தக்காடாகிவிடுகிறது.

பயிற்சி, தேர்தல் வேலை, விடுப்பு என்று யாராவது வராத நாட்கள் ஆண்டு முழுக்க உண்டு. மாற்று வகுப்புப் பதிவேட்டில் பெயர் எழுதினால் மட்டும் போதாது. போகிறவர் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. வகுப்புக்கு ஒரு துணிப்பை தையுங்கள். உள்ளே பாடத்துக்கு இரண்டாகப் பத்துத் தாள்கள்: 40 நிமிடத்தில் முடிக்கக்கூடியதும் எந்த ஆசிரியரும் நடத்தக்கூடியதுமான பயிற்சிகள். விடை பின்பக்கம் இருக்கட்டும். தமிழாசிரியர் கணக்கு வகுப்புக்குப் போனாலும் திருத்தலாம். பயன்படுத்திய தாளில் தேதி போட்டுத் திரும்ப வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாள்களை மாற்றாவிட்டால், "டீச்சர், இது போன வாரமே போட்டாச்சு" என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். இதெல்லாம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பதே சட்டத்தின் கணக்கு. எனவே உங்கள் நிலைமை விதிவிலக்கில்லை. மலையடிவாரப் பள்ளிகளில் இதுதான் வழக்கம். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3 வரையிலான வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார வைக்கச் சொன்னது. இது இரண்டு ஆசிரியர் பள்ளிக்குச் சாதகமானது. மூன்று வகுப்பும் ஏற்கெனவே ஒரே அறையில்தான் இருக்கின்றன.

நிர்வாகத்தில் தேவைப்படுவது இரண்டு. ஒன்று, ஆசிரியர் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மற்ற இரண்டு குழுக்களும் தாமே எடுத்துச் செய்யும் பொருள்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கவேண்டும். பீரோவில் பூட்டி வைத்த கற்றல் உபகரணங்களால் பயனில்லை. மூன்று பழைய எண்ணெய் டின்களை வெட்டி ஓரத்தை மடக்கி, மூன்று நிறம் அடித்து வைத்தால் போதும். இரண்டு, அலுவலக போன் அழைப்புகளைப் பாட நேரத்தில் எடுக்காமலிருக்க வட்டாரக் கல்வி அலுவலரிடம் பேசி ஒரு நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆசிரியர் பள்ளியில் தலைமை ஆசிரியர் போன் எடுத்தால் பாதிப் பள்ளி நின்றுபோகிறது.

மார்ச், ஏப்ரல் வெயிலில் மாடி வகுப்பில் உட்காரவே முடியவில்லை.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருக்கும் அறை மதியம் இரண்டு மணிக்கு அடுப்பாகிவிடும். அறைக்கு ஒரு சுவர் வெப்பமானி மாட்டி ஒரு வாரம் 11 மணிக்கும் 2 மணிக்கும் குறியுங்கள். எந்த அறை மோசம் என்பது அப்போது தெரியும். நினைத்ததற்கு மாறாக, மேற்குச் சுவர் உள்ள கீழ்த்தள அறையாகவும் இருக்கலாம். மதியத்துக்கு மேல் அந்த அறையைக் காலி செய்து, பிள்ளைகளை மர நிழலுக்கோ வராந்தாவுக்கோ மாற்றும்படி அட்டவணை போடுங்கள். தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்தால் சூடு குறையும். வடகிழக்குப் பருவமழையில் அது கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் பிப்ரவரியில் அடிக்கவேண்டும். அடிக்கும் முன் தளத்தின் விரிசலையும் மழைநீர்க் குழாய் வாயையும் பாருங்கள். சுண்ணாம்புக் கசடு குழாயை அடைத்துவிட்டால் அடுத்த மழையில் வகுப்பறை ஒழுகும்.

2025இல் வந்த வாட்டர் பெல் எங்கள் பள்ளியில் பலிக்கவில்லை. ஏன்?

தண்ணீர் குடிக்கவென்று இடையிடையே மணி அடிப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பெண் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். கழிப்பறை பூட்டியிருந்தாலோ அதில் தண்ணீர் வராவிட்டாலோ, அவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மணி அடித்தால் பாட்டிலை வாயில் வைத்து எடுப்பார்களே தவிரக் குடிக்க மாட்டார்கள். மூன்றாம் பாடவேளையிலேயே தலைவலி வந்துவிடும். எனவே வாட்டர் பெல் வேலை கழிப்பறையில் தொடங்குகிறது. 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர் கழிப்பிடங்களும் என்பது தூய்மைப் பள்ளித் திட்டத்தின் அளவு; 240 பேருக்கு ஆறு. தாழ்ப்பாள், வாளி, குவளை, மூடியுள்ள குப்பைத்தொட்டி நான்கும் இருக்கின்றனவா என்று தினமும் காலை ஒரு பெண் ஆசிரியர் பார்த்துக் கையெழுத்திடட்டும். சாவி ஆசிரியர் அறையில் தொங்கக்கூடாது. பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுவார்கள். பள்ளி நேரம் முழுக்கப் பூட்டே வேண்டாம்.

மதிய உணவுக்கு முன் கை கழுவும் வரிசை முடிவதே இல்லை.

180 பிள்ளைகள், ஆறு குழாய், ஆளுக்கு 30 விநாடி: 15 நிமிடம். குழாய்களைக் கூட்டச் செலவு அதிகம்; துளையிட்ட குழாய் மலிவு. 6 மீட்டர் பிவிசி குழாய் ஒன்றை இடுப்பு உயரச் சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கீழ்ப்பக்கம் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். பதினைந்து துளை. ஒரே வால்வு திறந்தால் பதினைந்து பேர் ஒரே சமயம் கழுவலாம். அதே 180 பேர் பன்னிரண்டு சுற்றில், ஆறு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். சோப்பு போட்டுத் தேய்க்கும் நேரத்தில் வால்வை மூடிவிட்டால் தண்ணீரும் மிச்சம். வால்வு பொறுப்பை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரமுறையில் கொடுங்கள்.

கோளாறு வரும் இடங்கள் இவை. குழாயின் ஒரு முனையில் தண்ணீர் விட்டால் கடைசி நான்கு துளையில் சொட்டும். நடுவில் 'T' வடிவ இணைப்பு போட்டுத் தண்ணீர் விடுங்கள். இந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், மூன்றே வாரத்தில் துளை வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். வாரம் ஒரு முறை ஊசியால் குத்திவிடவேண்டும். அதனால்தான் இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டாமல் மரை உள்ள மூடி போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை கழற்றித் தண்ணீரை வேகமாக விட்டால் மணலும் உப்பும் வெளியேறும். கீழே ஓடும் தண்ணீருக்குச் சிமெண்ட் வாய்க்கால் கட்டி வாழையோ கீரையோ இருக்கும் பாத்திக்கு விடுங்கள். விடாவிட்டால் ஒரே வாரத்தில் சேறு, அடுத்த வாரத்தில் கொசு. உணவு வரிசை எந்தப் பக்கம் தொடங்குகிறதோ அந்தப் பக்கம் குழாயின் முனை இருக்கவேண்டும், இல்லையென்றால் கை கழுவிய பிள்ளைகள் மறுபடி கூட்டத்துக்குள் புகுந்து வரவேண்டும். காலை உணவு நடக்கும் தொடக்கப் பள்ளிகளில் இதே குழாய் ஒரு நாளைக்கு இரண்டு முறை நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

'ப' வடிவத்தில் உட்கார வைத்தால் கடைசி பெஞ்ச் இருக்காது என்கிறார்கள். செய்யலாமா?

எண்ணிக்கையைப் பொறுத்தது. 20 அடிக்கு 20 அடி அறையில் பலகைப் பக்கம் 5 அடி விட்டால், இரண்டு பக்கமும் 15 அடி, பின்பக்கம் 20 அடி, மொத்தம் 50 அடி. வாசலுக்கும் மூலைகளுக்கும் எட்டு அடி போக 42 அடி. பெஞ்சில் ஆளுக்கு 2 அடி என்றால் 21 பேர், தரையில் ஒன்றரை அடி என்றால் 28 பேர். அதற்குள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் இரண்டே எட்டில் பார்த்துவிடலாம். 40 பேரை இரட்டை வரிசை 'ப'வாக்கினால் பக்கவாட்டில் இருப்பவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பவேண்டும், ஜன்னல் வெளிச்சம் பலகையில் பளிச்சிடும். அந்த எண்ணிக்கைக்கு வரிசையிலேயே உட்கார வைத்து, திங்கள்தோறும் முன் வரிசை பின்னாலும் பின் வரிசை முன்னாலும் நகர்ந்தால் போதும். கண்பார்வை குறைந்த பிள்ளைகளை மட்டும் நகர்த்தாதீர்கள்.

ஸ்மார்ட் வகுப்பறை வந்தும் பூட்டியே கிடக்கிறது.

சாவி, பேட்டரி, பயம். மூன்றில் ஒன்றாக இருக்கும். சாவி தலைமை ஆசிரியர் பையில் இருந்தால் அவர் கூட்டத்துக்குப் போன நாளெல்லாம் பூட்டுதான்; இரண்டாம் சாவி மூத்த ஆசிரியர் ஒருவரிடம் இருக்கட்டும். யுபிஎஸ் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். கோடை விடுமுறையில் ஒன்றரை மாதம் அப்படியே கிடந்தால் பேட்டரி செத்துப்போகும். வாரம் ஒரு நாள் யாராவது சார்ஜ் போட வேண்டும். எலி கடித்த வயர் இன்னொரு காரணம். பயத்துக்கு மருந்து, உடைந்தால் ஆசிரியர் கட்டவேண்டியதில்லை என்று ஆசிரியர் கூட்டத் தீர்மானத்தில் எழுதி வைப்பது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை, கையெழுத்து மட்டும் வீட்டுக்குப் போய் வாங்கிவருகிறோம்.

குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தப் பெண்கள் யார்? குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றுபவர்கள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள், ஷூ கம்பெனிக்குக் காலை எட்டு மணி வண்டி ஏறுபவர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு கூட்டம் என்றால் அரை நாள் கூலி போகும். மாலை ஐந்தரைக்கு வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம், மூன்றே பொருள். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரில் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி, பள்ளி வாசல் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் அந்தப் பலகையைப் படிப்பதற்கு. சொன்னது நடக்கிறது என்று தெரிந்தால் மக்கள் வருவார்கள். காமராசர் ஆட்சிக் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மேசை, நாற்காலி, கரும்பலகை, சுற்றுச்சுவர் எல்லாம் மக்கள் கொடுத்து வந்தவை. என்ன தேவை என்று பட்டியலாகச் சொன்னதால்தான் கொடுத்தார்கள்.

தெலுங்கு, உருது பேசும் வீடுகளுக்கு அழைப்பை எழுத்தில் அனுப்புவதைவிட, அந்த மொழி பேசும் பெற்றோர் ஒருவர் குரலில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது சிறந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் போய்ச் சேரும்.

பணம் எங்கிருந்து வரும்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப 10,000 ரூபாய் முதல் 1,00,000 ரூபாய் வரை. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. துளைக் குழாய், தாழ்ப்பாள், வாளி எல்லாம் இதற்குள் அடங்கும். நிதியாண்டின் கடைசி வாரத்தில் அவசரமாக வாங்கினால் கிடைத்த பொருளை வாங்குவீர்கள். தேவைப் பட்டியலை ஜூலையிலேயே மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் ஏற்றிவிடுங்கள்.

பஸ் தாமதத்தால் முதல் பாடவேளையில் பாதிப் பேர் இல்லை.

இரண்டு வாரம், எந்தத் தடத்தில் எத்தனை பேர் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று குறித்து, அதோடு பணிமனைக் கிளை மேலாளருக்கு மனு கொடுங்கள். நகல் ஒன்றை சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் பெற்றோர் கொடுக்கட்டும். "பஸ் சரியாக வருவதில்லை" என்ற மனுவைவிட "9.10 பஸ் பத்து நாளில் ஏழு நாள் 9.45க்கு வந்தது, 34 பிள்ளைகள்" என்ற மனுவுக்குப் பதில் சீக்கிரம் வரும். பஸ் மாறும்வரை முதல் பாடவேளையை நூலக வாசிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றம் பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேர்வு மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம். பழைய ஐந்து நாள் நேரக் கணக்கை மூன்று மாதம் கழித்து அதே வகுப்பில் மறுபடி எடுங்கள். கூடவே, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து இரண்டு நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். 40 பேருக்கு 80 நிமிடம். ஒரு நாளைக்கு நான்கு பேர் என்றால் பத்து நாளில் முடியும். தடுமாறிய சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். நேரம் கூடியும் வாசிப்பு நகரவில்லை என்றால், கிடைத்த நேரத்தில் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். நோட்ஸ் எழுதும் நேரம்தான் கூடியிருக்கும்.

ஒரே பருவத்தில் இரண்டு மாற்றத்துக்கு மேல் வேண்டாம். ஐந்தைத் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது, ஆசிரியர்களும் சோர்ந்துபோவார்கள்.

தலைமை ஆசிரியர் மாறுதலில் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறதே?

பொறுப்பு ஒப்படைப்பில் பதிவேடுகளும் இருப்புப் பொருள்களும் மட்டும் கைமாறுகின்றன, நடைமுறை மாறுவதில்லை. எட்டுப் பக்கத்தில் ஒரு நோட்டு எழுதி வையுங்கள். எந்த வால்வு எந்தத் தொட்டிக்கு என்ற கையால் வரைந்த படம், இரண்டாம் சாவிகள் யாரிடம், எந்தப் பஸ்ஸில் எத்தனை பிள்ளைகள், எந்த ஊரில் எப்போது விழா, கால அட்டவணையில் நகர்த்தக்கூடாத கட்டங்களும் அதற்கான காரணமும், வெப்பமானி கணக்கு, குழாய்க்கு ஊசி குத்தும் நாள், மேலாண்மைக் குழுவில் நிலுவையில் உள்ள மூன்று முடிவுகள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் புதியவர் கையிலும் இன்னொன்றைக் குழுத் தலைவியான அம்மா கையிலும் கொடுங்கள்.